பிக்கப் இல்லாத வண்டி

ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரியில் கான்ட்ராக்ட் எடுத்திருந்த ஒருவரிடமிருந்து என் கணவர் அந்தக் காரை வாங்கினார். எண்பதுகளின் நடுப்பகுதி. அப்போது எங்கள் பக்கத்து ரோட்டில் ஓடிய கார்கள் பெரும்பாலும் இரண்டே வகைதான், பெரியது ஒன்று, சின்னது ஒன்று. எங்களுடையது பெரியது. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்க வேண்டும். நாங்கள் பார்த்தபோது குவாரித் தூசி படிந்து படிந்து சாம்பல் பூத்துக் கிடந்தது.

என் கணவர் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணித் தறி போட்டிருந்தார். நான் ஒரு தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்தேன். மகள் மதுரையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். இருவருக்கு எதற்குக் கார் என்று நான் கேட்டதற்கு, வியாபாரத்துக்கு வேண்டும் என்றார். அது பாதி உண்மை. கான்சாபுரத்தில் அவருடைய அக்கா, என் மதினி, தனியாக இருந்தார். கணவரை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. மலையடிவாரத்தில் இருந்த தென்னந்தோப்பையும் வயலையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டு, எங்களோடு வந்து இருக்கச் சொன்னால் கேட்காதவர். அவரை நினைத்தபோது போய்ப் பார்க்கவும், முட்டுவலிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவரவும் ஒரு வண்டி வேண்டும் என்பது என் கணவருக்கு நெடுநாள் ஆசை.

வாங்கி வந்த அன்றே வண்டியின் குணம் தெரிந்துவிட்டது. ஆக்சிலேட்டரை மிதித்தால் இஞ்சின் சத்தம் கூடியதே தவிர வேகம் கூடவில்லை. பின்னால் வந்த சிமெண்ட் லாரி ஹாரன் அடித்து, பொறுமை இழந்து, எங்களை முந்திக்கொண்டு போனது. முழுப் பாரம் ஏற்றிய லாரி அது.

"குவாரியில கெடந்த வண்டி. தூசி அடைச்சிருக்கும். தட்டிவிட்டா சரியாப்போயிரும்" என்றார் என் கணவர்.

தென்காசி ரோட்டில் ஷெட் வைத்திருந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோய் விட்டோம். எங்கள் வயதுக்காரர். என் கணவரோடு ஒரே பள்ளியில் படித்தவர், ஆனாலும் என் கணவர் வியாபாரி என்பதால் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். அவர் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தரையில் தட்டியபோது, சலித்த மாவு போல வெள்ளைத் தூசி கொட்டியது. எல்லோரும் அதைப் பார்த்துத் தலையாட்டினோம். காரணம் கண்முன்னே கிடந்தது. புது ஃபில்டர் போட்டதும் வண்டி கொஞ்சம் சுறுசுறுப்பாக ஓடியது போலத்தான் இருந்தது. ஒரு வாரம் அப்படி நம்பிக்கொண்டிருந்தோம். பிறகு பழையபடி ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு அந்த ஷெட்டில் அந்த வண்டி நின்ற நாட்கள் அதிகம். பிளக் மாற்றினார். பொறி விழுகிற பாயிண்டைத் தீட்டினார், பிறகு அதையும் மாற்றினார். கார்பரேட்டரை அக்கக்காகப் பிரித்து பெட்ரோலில் கழுவி மாட்டினார். டேங்கை இறக்கியபோது அடியில் வண்டல் இருந்தது, அதையும் கழுவினார். ஒவ்வொரு தடவையும் இதுதான் காரணம் என்று அவருக்கும் தோன்றியது, எங்களுக்கும் தோன்றியது. கிளட்ச் நழுவுகிறதா என்று ஒருநாள் சோதித்தார். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, மூன்றாவது கியரில் போட்டு, கிளட்சை மெதுவாக விட்டார். நழுவுகிற கிளட்சாக இருந்தால் இஞ்சின் ஓடிக்கொண்டே இருக்குமாம். வண்டி ஒரு குலுக்குக் குலுங்கி அணைந்துவிட்டது. கிளட்ச் நன்றாக இருக்கிறது. பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதோ என்று நான்கு சக்கரங்களையும் ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பார்த்தார். தடையில்லாமல் சுற்றின.

கடைசியில் இஞ்சினை இறக்கித்தான் பார்க்க வேண்டும் என்றார். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது, தறியில் வேலை தலைக்கு மேல். தீபாவளி கழியட்டும் என்று என் கணவர் தள்ளிவைத்தார். ஓடத்தானே செய்கிறது, மெதுவாக ஓடினால் என்ன என்றார்.

அந்த மாதங்களில் எனக்கு அடிக்கடி தலைவலி வந்தது. நெற்றிப் பொட்டில் தொடங்கிப் பின்மண்டைக்கு இறங்கும். காலையில் அவர் என்னைக் காரில் பள்ளியில் இறக்கிவிட்டுப் போவார், வகுப்பில் கரும்பலகையில் எழுதும்போது கூட வயிற்றைப் புரட்டும். கண்ணில்தான் கோளாறு என்று கண்ணாடி போட்டுக்கொண்டேன். என் கணவர் எப்போதும் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். மதுரை போய்த் திரும்பினால் சட்டையைக் கூடக் கழற்றாமல் அப்படியே படுத்துவிடுவார். தறி வேலை ஆளை உருக்குகிறது என்று நினைத்தேன். வண்டியின் மந்தம் ஒரு சங்கதி, எங்கள் உடம்பு வேறு சங்கதி. இரண்டையும் சேர்த்து நினைக்க யாருக்கும் தோன்றவில்லை.

இன்னொன்றும் உண்டு. அந்த வண்டியில் பின் சீட்டில் உட்கார்ந்தால் காலுக்கடியில் ஒரு சத்தம் கேட்கும். ஆக்சிலேட்டரை அழுத்தும்போது மட்டும், யாரோ தூக்கத்தில் மூச்சு விடுவது போல, புஸ் என்று. காலை எடுத்தால் நின்றுவிடும். தரையில் புத்தம்புது ரப்பர் மேட் விரித்திருந்தது. வண்டி முழுவதும் கிழடு தட்டியிருக்க, அது ஒன்று மட்டும் புதிது. மெக்கானிக்கிடம் சத்தத்தைச் சொன்னேன். பழைய வண்டி, கீழேயிருந்து காற்று ஏறும் என்றார். எனக்கும் அது போதுமான பதிலாக இருந்தது.

புரட்டாசி முடிகிற சமயம், சிவகாசிக்கு ஒரு ஜோலியாகப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். வன்னியம்பட்டிக்கு ரோடு பிரிகிற விலக்குக்குப் பக்கத்தில் இஞ்சின் சூடேறி ஆவி கிளம்பியது. ஓரங்கட்டி, பானட்டைத் திறந்து வைத்துவிட்டு, எதிர்த்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். கடையில் இருந்த ஓர் ஆள் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும், காக்கிச் சட்டை. எழுந்துபோய் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். தெரிந்த மாட்டைத் தொடுவது போலப் பின்கதவில் கை வைத்தார். பிறகு எங்களிடம் வந்து, இது ஆலங்குளம் கான்ட்ராக்டர் வண்டிதானே என்று கேட்டார். அவர்தான் அதற்கு முன்னால் அந்த வண்டியின் டிரைவர்.

வண்டிக்குப் பிக்கப் இல்லையே, உங்கள் காலத்திலும் இப்படித்தானா என்று என் கணவர் கேட்டார். முதலில் நன்றாக ஓடியதாகவும், கடைசி ஒரு வருஷமாகத்தான் இழுவை போய்விட்டதாகவும் அவர் சொன்னார்.

"இதுல ஏறி உக்காந்தா எனக்குக் கண்ணு சொருகும், அண்ணாச்சி. ரெண்டு தடவை ரோட்ட விட்டு எறங்கிட்டேன். குடிச்சிட்டு ஓட்டுதேன்னு அவிய என்னை அனுப்பிட்டாவ. நான் தொட்டதே கெடையாது."

அந்த ஆள் என்னைப் பார்த்தார்.

"கண்ணாடிய ஏத்திவிட்டுட்டு மட்டும் போவாதீய. ஏன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியலை."

இஞ்சின் ஆறியதும் கிளம்பினோம். வேலை போன கோபத்தில் வண்டியைப் பற்றி ஏதோ சொல்கிறார் என்றார் என் கணவர். குடிக்கிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள் என்றும் சொன்னார். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் இன்னும் ரோட்டோரத்தில் நின்று நாங்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. வெயில் காலமெல்லாம் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் போய்வந்தோம். அன்றும் நாலு கண்ணாடியும் இறங்கித்தான் இருந்தது. அதனால் அந்தப் பேச்சு மனதில் தங்காமல் போய்விட்டது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. தீபாவளிக்கு மதினியைக் கூட்டிவரக் கான்சாபுரம் போனோம். காலையில் போகும்போது வெறும் மூட்டம்தான். மதினி சமைத்து வைத்திருந்தார். பக்கத்து வீட்டு அம்மாளும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். சாப்பிட்டு முடிப்பதற்குள் மலைப்பக்கம் கறுத்து, சடசடவென்று இறங்கிவிட்டது. விடும் என்று காத்திருந்து பார்த்தோம். விடுகிற மழையாகத் தெரியவில்லை. ஓடையில் தண்ணீர் வந்துவிட்டால் மாட்டிக்கொள்வோம் என்று கிளம்பினோம்.

ஏறும்போது மதினி என் தோளைத் தொட்டார்.

"ஏட்டி, ஒங்கிட்டே ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா நெனைச்சிட்டு இருக்கேன். போகையில சொல்லுதேன்."

அவர் பின் சீட்டில் உட்கார்ந்தார், பக்கத்தில் கத்தரிக்காய் மூட்டையும் தேங்காய்ச் சாக்கும். நான் முன்னால். நாலு கண்ணாடியையும் இறுக்க ஏற்றினோம்.

சேற்று ரோடு. பாரம் வேறு. வண்டி இரண்டாவது கியரைத் தாண்டவே இல்லை. என் கணவர் ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்து வைத்திருந்தார். இஞ்சின் அலறியது, வண்டி நடந்தது. மழைச் சத்தம் கூரையில். மதினி பேசத் தொடங்கினார். நான் முகத்தைத் திருப்பி, சீட்டில் கன்னத்தை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். கண்ணாடிகளில் ஆவி படிந்து வெளியே எதுவும் தெரியவில்லை. உள்ளே கதகதப்பாக, சுகமாக இருந்தது. நெற்றிப் பொட்டில் வலி தொடங்கியது, பிறகு அதுவும் எங்கோ தள்ளிப் போய்விட்டது. மதினியின் குரல் வந்துகொண்டிருந்தது. எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. நின்று கொஞ்ச நேரம் ஆகியிருக்கிறது என்றுதான் தெரிந்தது.

தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். நல்லது, தூங்கட்டும் என்றும் நினைத்தேன்.

முன்னால் திரும்பினேன். ஒரு புளியமரம் நேராக எங்களை நோக்கி வந்தது. வெள்ளைப் பட்டை அடித்த அடிமரம். என் கணவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நானும் பார்த்தேன். இப்போது பயப்பட வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. பயம் வரவில்லை. அவரைக் கூப்பிட வாயைத் திறந்த ஞாபகம் இருக்கிறது. குரல் வந்ததா என்பது ஞாபகம் இல்லை. எப்படியோ அவர் கை அசைந்து, வண்டி மரத்தை ஒட்டி ரோட்டுக்குத் திரும்பியது.

அதற்கு அடுத்தது கண்மாய்க் கரை மேடு. பெரிய ஏற்றம் ஒன்றும் இல்லை, சைக்கிள்காரர்கள் இறங்காமல் ஏறுவார்கள். வண்டி பாதி மேட்டில் திணறி, இரண்டு தடவை குலுங்கி, அணைந்துவிட்டது.

அது அணைந்ததால்தான் நான் இன்று இதை எழுதுகிறேன்.

என் கணவர் பானட்டைத் திறக்க வேண்டும் என்ற பழக்கத்தில் கதவைத் திறந்து இறங்கினார். இரண்டடி வைத்து, மழையில் அப்படியே உட்கார்ந்து வாந்தி எடுத்தார். திறந்த கதவு வழியாக ஈரக்காற்று என் முகத்தில் அடித்தது. தலை பிளப்பது போல வலி திரும்பி வந்தது. அதோடு பயமும் வந்தது. இறங்கிப் பின்கதவைத் திறந்தேன். மதினி கத்தரிக்காய் மூட்டை மேல் சாய்ந்திருந்தார். முகம் வெளுத்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தவளுக்கு, அது சிவந்து இருந்ததுதான் திகிலாக இருந்தது. உதடு வெற்றிலை போட்டது போல. நல்ல ஆரோக்கியமான ஒருவர் அயர்ந்து உறங்குவது போல இருந்தார். உலுக்கினேன், தலை தொய்ந்து விழுந்தது.

இழுத்து வெளியே போட்டோம். எனக்குக் கையில் வலுவில்லை, என் கணவரால் நிற்கவே முடியவில்லை. மூன்று பேரும் மழையில் ரோட்டில் கிடந்தோம். அப்போதுதான் டவுன் பஸ் வந்தது. டிரைவரும் கண்டக்டரும் இறங்கி மதினியைத் தூக்கிப் பஸ்ஸில் கிடத்தினார்கள். வழியில் எங்கும் நிறுத்தாமல் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை விட்டார்கள். பஸ்ஸில் இருந்தவர்கள் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. பஸ் ஜன்னலில் மழைக்கு இறக்கிவிட்டிருந்த தார்ப்பாய்த் திரையை நான் ஏன் தூக்கிவிடச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. காற்றும் சாரலும் அவர் முகத்தில் பட்டன. ஊருக்குள் நுழையும்போது அவர் விரல் அசைந்ததைக் கண்டக்டர்தான் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். டாக்டர் முதலில் பக்கவாதம் என்று சந்தேகப்பட்டார். எங்களுக்கும் வாந்தி, தலைசுற்றல் என்று கேட்டதும், என்ன சாப்பிட்டீர்கள் என்று விசாரித்தார். சாப்பாட்டில் ஏதோ விழுந்திருக்கும் என்று அவர் பயந்தது நியாயம்தான். பக்கத்து வீட்டு அம்மாளும் சாப்பிட்டாரே என்று என் கணவர் பதறினார். அதே பஸ்ஸின் கண்டக்டர் திரும்பப் போகும்போது பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். விளக்கு வைக்கும் நேரத்துக்கு வந்து, அந்த அம்மாள் நன்றாக இருக்கிறார், வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருக்கிறார் என்றார்.

அப்படியானால் சாப்பாடு இல்லை. நாங்கள் மூன்று பேர் மட்டும். எங்கள் மூவருக்கும் பொதுவாக என்ன இருந்தது என்று பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தேன். ஒரே ஒரு இடம்தான் இருந்தது. டீக்கடையில் அந்த மனிதர் சொன்ன வார்த்தை அப்போதுதான் என் காதில் சரியாக விழுந்தது. டாக்டரிடம் ஓடிப்போய், வண்டியை, கண்ணாடியை, கண் சொருகும் என்று சொன்ன டிரைவரை, என் தலைவலியை, காலுக்கடியில் கேட்ட மூச்சை, எல்லாவற்றையும் கலந்துகட்டிச் சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை. முடித்ததும், அந்த வண்டியை யாரும் ஓட்டிக்கொண்டு வர வேண்டாம், கட்டி இழுத்து வரச் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் மெக்கானிக்கும் என் கணவரும் போனார்கள். கண்மாய்க் கரையில் வண்டி கதவுகள் திறந்தபடி நனைந்து நின்றதாம். மெக்கானிக் பின் சீட்டைத் தூக்கி, புது ரப்பர் மேட்டை உரித்திருக்கிறார். கீழே தகரம் துருப்பிடித்து, கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. அதற்கு நேர் கீழே, சைலன்சருக்கு முன்னால் இருந்த குழாய் வெடித்திருந்தது. ஷெட்டுக்கு இழுத்து வந்து சைலன்சரைக் கழற்றி அறுத்தார்கள். வெளியே பார்க்க நன்றாக இருந்தது. உள்ளே தகடுகள் இற்று விழுந்து, கரி அப்பி, புகை போகிற வழி அடைத்துக் கிடந்தது. புகை வெளியே போக முடியாமல் இஞ்சினை அமுக்கியிருக்கிறது. வண்டிக்கு இழுவை போனது அதனால்தான். போக்கிடம் இல்லாத புகை, குழாயை உடைத்துக்கொண்டு எங்களிடம் வந்திருக்கிறது. கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாமல் ஆளை உறங்கவைக்கிற விஷவாயு அந்தப் புகையில் உண்டு, மதினியின் முகம் சிவந்ததும் அதனால்தான் என்று டாக்டர் பிறகு சொன்னார். மெதுவாகத்தானே ஓடுகிறது, ஓடட்டும் என்று நாங்கள் அதில் ஏறி உட்கார்ந்திருந்தோம்.

மெக்கானிக் அறுத்த சைலன்சரை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார் என்று என் கணவர் சொன்னார். "மூச்சு இழுக்குற பக்கம் பூராப் பாத்தேன், அண்ணாச்சி. விடுற பக்கம் பாக்கலை" என்றாராம்.

அந்த ரப்பர் மேட்டைப் பற்றிக் கேட்க என் கணவர் ஆலங்குளம் போனார். கான்ட்ராக்டர், விற்கிற வண்டிக்கு அழகாக இருக்கட்டும் என்றுதான் போட்டேன், ஓட்டை இருந்தது தெரியாது என்றார். தெரிந்திருக்குமா என்று எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. அங்கிருந்து நேராக வன்னியம்பட்டிக்குப் போய் அந்த டிரைவரைத் தேடிப் பிடித்து விஷயத்தைச் சொன்னார். அந்த ஆள் அழவில்லை, கோபப்படவும் இல்லையாம். உட்காரச் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய், தன் மனைவியைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, "இப்போ சொன்னீயள்லா, அத இவகிட்டே இன்னொரு தடவை சொல்லுங்க" என்றிருக்கிறார். என் கணவர் அந்த வீட்டிலிருந்து திரும்பி வந்த அன்று சாப்பிடவில்லை.

மதினி பிழைத்துக்கொண்டார். ஆனால் முழுதாக வரவில்லை. கடைக்குப் போய் எதற்கு வந்தோம் என்று நிற்பார். சொந்தத் தோப்பிலேயே எந்தப் பக்கம் கிணறு என்று ஒருநாள் தெரியாமல் போனது. தனியாக இருக்க முடியாது என்று அவரே சொல்லி, தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிட்டு எங்களிடம் வந்துவிட்டார். வண்டிக்குப் புதுச் சைலன்சர் போட்டு, தரைக்குத் தகடு பற்றவைத்தார்கள். அதற்குப் பிறகு அது காற்றாகப் பறந்தது. என் கணவருக்கு அந்த வேகமே பிடிக்கவில்லை. வேறு யாருக்கும் விற்க மனம் வராமல், கொஞ்ச நாள் ஷெட்டில் போட்டுவைத்து, பிறகு மெக்கானிக் மூலமாகப் பழைய இரும்புக்கு உடைக்கக் கொடுத்துவிட்டார்.

தொண்ணூறுகளில் ஒருநாள், நான் பள்ளியிலிருந்து வந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது மதினி கேட்டார்.

"அன்னைக்கு வண்டியில ஒங்கிட்டே என்னமோ சொன்னேன்லா. என்னது அது?"

எனக்கு அவர் குரல் ஞாபகம் இருந்தது. கன்னத்தில் பட்ட ரெக்ஸின் சீட்டின் சூடு ஞாபகம் இருந்தது. இடையில் ஒரு முறை அவர் சிரித்தார், அதுவும் ஞாபகம் இருந்தது. ஒரு சொல் கூட ஞாபகம் இல்லை. என் கணவரைக் கேட்டதற்கு, மழைச் சத்தத்தில் தன் காதில் எதுவும் விழவில்லை என்றார். தோப்பைப் பற்றியா, நகையைப் பற்றியா, எங்கள் மகளைப் பற்றியா என்று நான் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் அவர் கண்ணை மூடி யோசித்து, இல்லை என்று தலையாட்டினார்.

இறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்பு வரை அவ்வப்போது கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், இன்றைக்காவது எனக்கு நினைவு வந்துவிடும் என்பது போல.